நாலாம் வகுப்பு ஸ்பெஷல் பீரியடில் உங்கள் பிள்ளைகள் என்னதான் கற்கிறார்கள்?

கோத்தகிரிக்குப் புதுசு:

வணக்கம். ஜூனில்தான் கோயம்புத்தூரிலிருந்து கோத்தகிரிக்கு வந்தோம், வீட்டுக்காரருக்கு இங்கே வேலை. மகள் நாலாவது, தனியார் பள்ளி. பள்ளிப் பெயர் வேண்டாம், சின்ன ஊர், நாளைக்கே மார்க்கெட்டில் யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

டைம் டேபிளில் வாரத்துக்கு ஆறு ஸ்பெஷல் பீரியட். பாட்டு, ஓவியம், கிராஃப்ட், கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒன்று, பி.டி. மட்டும் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி ஆசிரியர் என்று சேர்க்கும்போதே பெருமையாகச் சொன்னார்கள், எனக்கும் சந்தோஷம்தான், ஏனென்றால் நான் படித்த பள்ளியில் பி.டி. பீரியட் என்றால் கணக்கு டீச்சர் விட்ட பாடத்தை முடிக்க வருகிற பீரியட். இப்போது முதல் பருவ ரிப்போர்ட் கார்டு வந்திருக்கிறது, ஸ்பெஷல் பாடம் அத்தனையிலும் 'ஏ'. சரி, அப்படி என்ன கற்றுக்கொண்டாள் பார்ப்போம் என்று ஓவிய நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்தில் இரண்டு முக்கோண மலை, நடுவில் அரைச் சூரியன், இரண்டு மலைக்கும் நடுவிலிருந்து இறங்குகிற ஒரு ஆறு, கரையில் ஒரு தென்னை மரம், ஒரு ஓட்டு வீடு, மேலே டிக் அடித்த மாதிரி நாலு காக்கா. இதே படத்தை நானும் முப்பது வருடத்துக்கு முன்னால் வரைந்திருக்கிறேன். என் அம்மாவும் வரைந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்தேன். எங்கள் வீட்டில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலைதான், அதில் ஒன்றுகூட முக்கோணம் கிடையாது, எல்லாம் படுத்து அசைபோடுகிற மாடு மாதிரி முதுகு வளைந்து கிடக்கின்றன. தென்னை மரம் பார்க்க வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். ஏண்டி தென்னை மரம் போட்டாய் என்று கேட்டால், "மிஸ் போர்டுல போட்டாங்க, அதைப் பாத்துத்தான் போடணும்" என்கிறாள்.

பாட்டில் இரண்டு பாட்டு தெரிகிறது, இரண்டும் ஆண்டு விழாவுக்கு. கம்ப்யூட்டரில் அதன் பாகங்களைப் படம் போட்டு எழுதி மனப்பாடம் செய்திருக்கிறாள், தொட்டது இரண்டு தடவையாம். பி.டி.யில் என்ன செய்தீர்கள் என்றால் காட்டெருமை வந்துவிட்டது, அதனால் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தோம் என்கிறாள், சாக்கு என்று நினைத்தேன், விசாரித்தால் நிஜமாம்.

குறை சொல்ல வரவில்லை, எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை இந்தப் பாடங்களில் என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும்? உங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? போய்க் கேட்டால், வந்து நாலு மாதம் ஆகவில்லை, அதற்குள் கேள்வியா என்று நினைப்பார்களா?


குன்னூர் பிளம்ஸ்:

வாருங்கள் சகோதரி. காட்டெருமை விஷயத்தில் நான் உங்கள் மகள் கட்சி. குன்னூரிலும் இதே கதைதான், கிரவுண்டில் நாலு உருப்படி நின்று மேய்ந்தால் அதற்கு யார் விசில் ஊதுவது?

எனக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவன் ஐந்தாவது, சின்னவள் இரண்டாவது. பெரியவன் மூன்றாவது முடிக்கும்வரை நீங்கள் சொன்ன அதே மலை, அதே சூரியன்தான். போன வருடம் ஓவியத்துக்கு ஒரு இளம்பிள்ளை வந்தார். முதல் மூன்று வாரம் பென்சிலையே எடுக்க விடவில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றை மட்டும் கொடுத்து, வரும்போது ஆளுக்கு இரண்டு தேயிலை கொண்டுவாருங்கள், ஒன்று கொழுந்து, ஒன்று முற்றல், அந்த இரண்டு பச்சையையும் நீங்களே கலந்து காட்டுங்கள் என்றாராம். கொழுந்துப் பச்சை சீக்கிரம் வந்துவிட்டது, மஞ்சள் தூக்கலாக இருந்தால் போதும். முற்றல்தான் படாத பாடு படுத்தியிருக்கிறது, நீலத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள், அது பஸ் ஸ்டாண்டு பெஞ்சுக்கு அடித்த பெயின்ட் மாதிரி பளிச்சென்று நிற்கிறதே தவிர இலை மாதிரி வரவில்லை. கடைசியில் ஒரு பெண் சிவப்பில் இருந்த பிரஷ்ஷைக் கழுவாமல் அதில் முக்கிவிட, பச்சை அப்படியே அடங்கி அசல் முற்றல் இலையாகிவிட்டதாம். "சிவப்பு போட்டா பச்சை அடங்கும்பா" என்று என் மகன் வீட்டில் பத்து தடவை சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்த மாமனாரிடமும் சொன்னான்.

அப்புறம் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி அச்சு, இலையைத் தாளுக்குக் கீழே வைத்து மேலே கிரேயான் தேய்த்து நரம்பு எடுப்பது என்று ஏதேதோ. நோட்டைப் பார்த்தால் அழகாக ஒன்றும் இருக்காது, பெற்றோர் கூட்டத்தில் சில பேர் முகம் சுளித்தார்கள், போன வருடம் நோட்டு எவ்வளவு நீட்டாக இருந்தது என்று. அதனால்தான் நிறைய ஆசிரியர்கள் போர்டில் போட்டு விடுகிறார்கள் என்று நினைக்கிறேன், நோட்டு நீட்டாக இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

தாராளமாகப் போய்க் கேளுங்கள். ஏன் இப்படி என்று ஆரம்பிக்க வேண்டாம், அடுத்த பருவத்தில் என்ன சொல்லித்தரப் போகிறீர்கள், வீட்டில் நான் என்ன செய்யட்டும் என்று கேளுங்கள்.


கணக்குப்பிள்ளை:

எல்லாரும் என் மேல் பாயப் போகிறீர்கள், பரவாயில்லை. ஆறு பீரியட், பீரியடுக்கு 40 நிமிடம், ஆக வாரத்துக்கு 4 மணி நேரம். என் மகனுக்கு ஏழாம் வாய்ப்பாட்டில் 49க்கு மேல் போனால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அந்த 4 மணி நேரத்தில் பாதியை அதற்குக் கொடுத்தால் நன்றாக இருக்கும். வெண்டைக்காய் அச்சு எல்லாம் சனி ஞாயிறு வீட்டில் போட்டுக்கொள்ளலாம், வெண்டைக்காய் விற்கிற விலைக்கு.


தையல் டீச்சர் (ஓய்வு):

கணக்குப்பிள்ளை தம்பி, பாயவில்லை, உட்கார்ந்து பேசுவோம். நான் 27 வருடம் தையல் சொல்லிக்கொடுத்தவள். "கணக்கு முடியவில்லை டீச்சர், உங்க பீரியடைக் கொடுங்க" என்று வந்து நின்றவர்கள் எத்தனை பேர் என்று எழுதி வைத்திருந்தால் அதுவே ஒரு வாய்ப்பாடு புத்தகம் ஆகியிருக்கும். சில நாள் கொடுத்தேன், சில நாள் கொடுக்கவில்லை.

புதுசாக வந்த கண்ணு, நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் முதலில் சொல்லித்தருவது நூலின் நீளம். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, அதற்கு மேல் எடுத்தால் சிக்கு விழும். எல்லாப் பிள்ளையும் முதல் நாள் இரண்டு முழம் எடுக்கும், அடிக்கடி கோர்க்க வேண்டாமே என்று. எடுக்கட்டும் என்று விட்டுவிடுவேன், சிக்கு விழுந்து அழுத பிறகு அடுத்த வாரம் சொல்லாமலே முழங்கை அளவு வந்துவிடும். அப்புறம் ஊசி கோர்ப்பது, ஒரு கையால் முடிச்சுப் போடுவது, கோடு போட்ட துணியில் ஓட்டுத் தையல், மேலே தெரிகிற தையலும் இடையில் விட்ட இடமும் ஒரே அளவாக வருகிறவரை. அதற்கே ஒரு பருவம் போய்விடும். இரண்டாவது பருவத்தில் பொத்தான். மூன்றாவதில் காம்புத் தையல், கை வந்த பிள்ளைக்குச் சங்கிலித் தையல். பையன்களும் உண்டு, பொத்தானில் பையன்கள்தான் பொறுமை, ஏனோ தெரியவில்லை. ஆகவே அந்த 'ஏ'யை மூடி வைத்துவிட்டு, பிள்ளை கையில் ஒரு ஊசி, ஒரு பழைய சட்டை, நாலு துளைப் பொத்தான் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

இப்போது கணக்கு. தம்பி, தோடர் பெண்கள் தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பு நூலும் கறுப்பு நூலும், துணியில் முன்கூட்டி ஒரு புள்ளிகூட வரைந்துகொள்வதில்லை. நெசவு இழையை எண்ணி எண்ணியே ஊசி போகும், அதுவும் துணியின் பின்பக்கத்திலிருந்து. பூத்துக்குளிப் போர்வையில் நீங்கள் பார்க்கிற அவ்வளவும் எண்ணிக்கைதான், இந்தத் தையல் 2013இல் புவிசார் குறியீடும் வாங்கியது. என் வகுப்பில் ஒரு பெண், அவள் பாட்டி ஒரு நாள் மந்திலிருந்து, அதாவது தோடர் ஊரிலிருந்து, பேத்தியைக் கூட்டிப்போக வந்தவர், மழை விடட்டும் என்று என் வகுப்பிலேயே உட்கார்ந்தார். கையில் எப்போதும் வேலை வைத்திருப்பார். நான் வாய்க்குள் முணுமுணுத்து எண்ணிக்கொண்டு தைக்கிறவள், அவர் எருமைக்கு உடம்பு சரியில்லாத கதையைப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே தைத்தார், ஒரு இழை பிசகவில்லை. மறு வாரம் பிள்ளைகள் எல்லாரும் எண்ணித்தான் தைப்போம் என்று அடம்.

கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியில் கட்டம் எண்ணித் தைக்க வைத்தேன். ஆறு கட்டம் விட்டு ஏழாவதில் சிவப்பு, அடுத்த வரிசையில் ஒன்று தள்ளி. எங்கோ ஒரு கட்டம் விட்டுப்போனால் நாலு வரிசை தாண்டித்தான் தெரியும், அப்போது அவிழ்க்க வேண்டும். ஏழாம் வாய்ப்பாடு இதனால் வந்துவிடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் எங்கே தப்பினோம் என்று பின்னால் எண்ணிக்கொண்டே போய்த் தேடுகிற பழக்கம் வரும். அது உங்கள் கணக்கு நோட்டில் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டால் வருவதில்லை.

போர்டைப் பார்த்து வரைவதை மட்டும் நான் ஒரேயடியாகத் திட்ட மாட்டேன். என் பிள்ளைகளும் என் மாதிரித் துணியைப் பார்த்துத்தான் தைத்தார்கள். கை பழகுகிறவரை மாதிரி வேண்டும். வருடம் பூராவும் அதுவே என்றால்தான் சங்கடம்.


ஈராசிரியர், பந்தலூர் பக்கம்:

இதையெல்லாம் படிக்கப் படிக்க வயிற்றெரிச்சலாக இருக்கிறது, சும்மா சொன்னேன். எங்களுடையது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, 31 பிள்ளைகள், தலைமையாசிரியையும் நானும். 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்துக் கணக்கு. கலை, உடற்கல்வி, கைத்தொழில் இதற்கெல்லாம் பகுதிநேர ஆள் என்று 2009ஆம் வருடத்து அந்தச் சட்டத்தில் எழுதியிருப்பது ஆறிலிருந்து எட்டு வரைக்கும்தான், அதுவும் அங்கே நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோதும் அதே ஆறு, ஏழு, எட்டுக்குத்தான். ஆக எங்கள் பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் மிஸ் என்று தனியாக ஒருவர் கிடையாது. பாட்டு சாரும் நான்தான், பி.டி. சாரும் நான்தான், காலை உணவுக்குத் தட்டு எண்ணுகிறவனும் நான்தான்.

அதற்காக ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. 2022இல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து ஒன்று முதல் மூன்று வரைக்கும், அடுத்த வருடம் நாலு, ஐந்துக்கும், பாட்டு, கதை, பொம்மை, களிமண் எல்லாம் தமிழுக்கும் கணக்குக்கும் உள்ளேயே வந்துவிட்டன. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரித்து வைத்திருப்போம். மளிகைக் கடைக் காகிதப் பையில் கண் மூக்கு ஒட்டினால் கைப்பொம்மை, அது கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிற பிள்ளை நான் கேட்டால் சொல்லாது.

ஒன்று சொல்ல வேண்டும். ஜூன், ஜூலையில் தேவாலா, பந்தலூர் மழை எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. பாடம் நடத்த முடியாத ஒரு நாள், சரி எல்லாரும் பெஞ்சில் தாளம் போடுங்கள் என்றேன், மழைக்கு எதிர்ச் சத்தம். வந்து இரண்டு மாதமாக வாயே திறக்காத ஒரு பணியர் பழங்குடிப் பையன், இரண்டாவது படிக்கிறவன், எழுந்து போய்க் காலி பெயின்ட் டப்பாவை எடுத்து இடுப்பில் அணைத்துக்கொண்டு அடித்தான் பாருங்கள். அவன் மாமா துடி என்கிற மேளம் அடிக்கிறவராம், எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். நாங்கள் எல்லாரும் அடித்துக்கொண்டிருந்தது வெறும் சத்தம், அவன் ஒருவன் அடித்ததுதான் தாளம். ஒரு நொடியில் மற்றவர்கள் நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள், அப்புறம் அவன் பின்னாலேயே போனார்கள். அன்றிலிருந்து தாள வகுப்பு அவனுடையது, பேச்சும் மெதுவாக வந்துவிட்டது. இன்னொரு பெண்ணின் தாத்தா இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர், காமன் கூத்து ஆடின கால். ஒரு நாள் வந்து இரண்டு அடவு காட்டிவிட்டு முட்டி வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார், பிள்ளைகள் இன்னும் அந்த இரண்டையும் ஆடுகிறார்கள்.

மணி அடித்ததும் மூட்டை கட்டி அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டாம் என்கிற ஒரு வசதி எங்களுக்கு இருக்கிறது. வசதி என்றதற்காக, ஆள் போடத் தேவையில்லை என்று யாரும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டாம். எனக்குச் சுருதி சேராது. என்னிடம் கற்ற 31 பேரும் அதே மாதிரிதான் பாடுகிறார்கள்.


ஐந்தரைக் கட்டை:

சார், அது உங்கள் குற்றம் இல்லை, கட்டைக் குற்றமாகவும் இருக்கலாம், கட்டை என்றால் பாடுகிற சுருதியின் உயரம். ஆண் குரல் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் நிற்கும், சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து, ஐந்தரை வேண்டும். நீங்கள் உங்களுக்கு வசதியான இடத்தில் ஆரம்பித்தால் அவர்கள் கீழே போக முடியாமல் முனகுவார்கள், மேலே போனால் கத்துவார்கள். போனில் தம்புரா ஆப் ஒன்றைப் போட்டு, ஐந்து கட்டையில் வைத்து, அவர்களை முதலில் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் சேர்ந்துகொள்ளுங்கள்.

புதுசு மேடம், உங்கள் கேள்விக்கு. நாலாம் வகுப்பில் வாரம் ஒரு பீரியடில் பாடகி யாரும் ஆகப்போவதில்லை. ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசையில் முதல் இரண்டு மூன்று, அது எல்லா ஊரிலும் மாயாமாளவகௌளை ராகத்தில்தான் ஆரம்பிக்கும், அப்புறம் ஆதி தாளம் கையில். ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல், பிறகு தட்டி வீசுவது இரண்டு தடவை, ஆக எட்டு. பாடிக்கொண்டே இதை விடாமல் போட வருகிறதா, அது போதும். ஆண்டு விழாப் பாட்டையே பாடச் சொல்லுங்கள், தாளத்தோடு ஒரு தடவை, அப்புறம் அதையே பாதி வேகத்தில். பாதி வேகத்தில் தடுமாறினால் பாட்டை ஒப்பிக்கக் கற்றிருக்கிறாள் என்று அர்த்தம்.

கோத்தகிரி என்கிறீர்கள், வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் படுகு பேசுகிறவர்களாக இருப்பார்கள். ஊர்ப் பண்டிகை என்றால் நாலு வயதுப் பிள்ளையும் வட்டத்தில் நின்று கால் பிசகாமல் ஆடும். பக்கத்திலேயே கோத்தர் பழங்குடியினர், அவர்கள் விழாவில் குழலும் மேளமும் கொம்பும் சேர்ந்து எழும்பினால் நின்று கேட்கத் தோன்றும். இதெல்லாம் பாட்டு பீரியடுக்குள் வருவதே இல்லை, ஆண்டு விழாவுக்கு மட்டும் வெள்ளை உடுத்தி ஒரு படுகு ஆட்டம், கைதட்டல், முடிந்தது. என் மகளுக்கு அவள் தோழிதான் காலடி சொல்லிக்கொடுத்தாள், இடைவேளையில், வராந்தாவில்.


விசில்:

பி.டி. மாஸ்டர் பேசுகிறேன், ஊட்டி, 11 வருட சர்வீஸ். காட்டெருமை நிஜம், மூடுபனி நிஜம், டிசம்பரில் முதல் பீரியட் என்றால் புல்லில் உறைபனி, ஓடினால் வழுக்கும். கிரவுண்ட் சமதளமாக இருக்கிற பள்ளி இந்த மலையில் எத்தனை என்று விரல் விட்டு எண்ணலாம். எங்கள் கிரவுண்டில் பந்து ஒரு தடவை உருண்டால் தேயிலைக்குள், எடுக்கப் போனவன் திரும்பி வரும்போது மணி அடித்துவிடும். இருந்தாலும் வகுப்பிலேயே உட்காரவைப்பது எங்கள் சோம்பேறித்தனம், ஒப்புக்கொள்கிறேன்.

பெரிய தப்பு என்னவென்றால் பந்தைத் தூக்கிப் போட்டு மேட்ச் ஆடுங்கடா என்று விட்டுவிடுவது. ஆடுவது நாலு பேர், மீதி முப்பது பேர் ஓரத்தில் நின்று ஸ்வெட்டர் கையை இழுத்துக்கொண்டிருப்பார்கள், அதில் பெண் பிள்ளைகள்தான் அதிகம். இந்த வயதுக்கு மேட்ச் முக்கியமில்லை. எறியத் தெரிய வேண்டும், பிடிக்கத் தெரிய வேண்டும், ஒற்றைக் காலில் நிற்க, தாவி இறங்கும்போது முட்டியை மடக்க, ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று நிற்க. சரிவில் இறங்கி ஓடி நிற்பது இந்த ஊர்ப் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே வரும், கீழே இருந்து வந்த பிள்ளைக்கு வராது, உங்கள் மகளுக்கு முதல் சில வாரம் மூச்சும் வாங்கும், ஊட்டி 2,240 மீட்டர், கோத்தகிரி அதைவிடக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். பயப்படாதீர்கள், பழகிவிடும்.

நான் கோ கோ வைப்பேன். காசு செலவு கிடையாது, இடமும் கொஞ்சம் போதும். எட்டுப் பேர் மாற்றி மாற்றித் திசை பார்த்து உட்கார, துரத்துகிறவர் ஒருவர், ஒரு பக்கம் திரும்பி ஓட ஆரம்பித்தால் பாதியில் திசை மாற்றக் கூடாது, நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு வாரத்தில் மந்தமாக இருந்த பிள்ளைகள்கூடக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், முதுகில் எப்போது 'கோ' விழுமோ என்று. மூடுபனி நாளில் வகுப்புக்குள் ஐந்தாங்கல். சிரிக்காதீர்கள், கல்லை மேலே போட்டு, கீழே கிடப்பதை அள்ளி, விழுவதைப் பிடிப்பது, கண்ணும் கையும் சேர்வதற்கு அதைவிட நல்ல பயிற்சியைச் சொல்லுங்கள் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் 5 வயதிலிருந்து 17 வரைக்கும் தினமும் சராசரி 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது. வாரத்துக்கு எனக்குக் கிடைப்பது 80. அதிலும் கணக்கு டீச்சர் வந்து கதவருகில் நிற்பார்.


கணக்குப்பிள்ளை:

எல்லாரும் கடைசியில் என்னிடமே வந்து நிற்கிறீர்கள். சரி, தையல் டீச்சர் சொன்னதற்குத் தலைவணங்குகிறேன், இழை எண்ணுவது கணக்குதான். ஐந்தாங்கல்லையும் விட்டுவிடுகிறேன். கம்ப்யூட்டருக்கு யார் வக்காலத்து? பாகங்களின் பெயரை எழுதி மனப்பாடம் செய்ய எதற்குத் தனி ஆசிரியர்?


குன்னூர் பிளம்ஸ்:

அதற்கு வக்காலத்து இல்லை, நீங்கள் சொல்வது சரிதான். என் மகன் பள்ளியில் ஸ்கிராட்ச் போடுகிறார்கள், கட்டம் கட்டமாக அடுக்கிப் பூனையை நடக்கவிடுவது, இலவசம்தான், எட்டு வயதுக்கு மேல் என்று சொல்லியே செய்தது. இருக்கிறது 12 கம்ப்யூட்டர், மூன்று பேருக்கு ஒன்று, யார் மௌஸ் பிடிப்பது என்று சண்டை. அந்தச் சண்டையிலும் ஏதோ கற்கிறார்கள், என்ன என்றுதான் தெரியவில்லை.


கோத்தகிரிக்குப் புதுசு:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லாருக்கும் நன்றி.

பொத்தான் கொடுத்துப் பார்த்தேன். தைத்தாள், ஆனால் சட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து. கிராஃப்டில் இதுவரை ஐஸ் குச்சி வீடும் தெர்மாகோல் தேரும்தான், அதில் பாதி நான் செய்தது, அந்த 'ஏ' எனக்கு வந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். பாட்டைப் பாதி வேகத்தில் பாடச் சொன்னதும் சிரித்துவிட்டு ஓடிவிட்டாள்.

பள்ளிக்குப் போனேன். பிளம்ஸ் அண்ணா சொன்ன மாதிரியே, அடுத்த பருவம் என்ன என்று ஆரம்பித்தேன். ஓவிய மிஸ் என்னைவிடச் சின்னவர். இந்தப் பள்ளியில் மூன்று நாள், வேறொரு பள்ளியில் இரண்டு நாள். வகுப்புக்கு 40 பிள்ளைகள், தாள் கொடுத்து, வண்ணம் கொடுத்து, கை கழுவவைத்து உட்காரவைத்தால் வரைய மிச்சம் 20 நிமிடம், அதற்குள் எல்லார் நோட்டிலும் ஒரு படம் முடிந்தாக வேண்டும், முடியாவிட்டால் மேலே கேள்வி வரும் என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஜன்னலில் தெரிகிற மலையைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, இதுவரை ஓவியத்தைப் பற்றிக் கேட்க ஒரு அம்மாவும் வந்ததில்லை என்றார். பிறகு, ரங்கசாமி மலை மட்டும் கொஞ்சம் முக்கோணம்தான் மேடம் என்றார்.

போன வியாழக்கிழமை பிள்ளைகளை வராந்தாவில் உட்காரவைத்து எதிரே தெரிவதைப் போடச் சொல்லியிருக்கிறார். ஒரே ரகளையாம். "மிஸ் மலை எங்க ஆரம்பிக்குது", "மிஸ் கோடே தெரியல", "மிஸ் மிஸ்ட் வந்து மலையைக் காணோம்" என்று. மகள் தாளைக் கொண்டுவந்தாள். பச்சையாக ஒரு நீள முதுகு, அதன் மேல் தண்ணீர்த் தொட்டி, ஒரு செல்போன் டவர், சில்வர் ஓக் என்று அவள் சொல்கிற சில குச்சிகள், கீழே கறுப்பாக ஒரு மூட்டை, அது காட்டெருமையாம், காலுக்கு மட்டும் வெள்ளை சாக்ஸ். தென்னை மரம் இல்லை. அந்த அரைச் சூரியனை மட்டும் விடவில்லை. அது மேற்குமில்லை கிழக்குமில்லை, அங்கே எப்படிச் சூரியன் வந்தது என்று கேட்டால், அது இல்லையென்றால் படம் மாதிரியே இல்லை என்கிறாள்.

தையல் டீச்சர் அம்மா, அந்த மேட்டி துணி கோத்தகிரியில் கிடைக்குமா, ஊட்டிக்குத்தான் வர வேண்டுமா? அவள் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து கேட்கிறார்கள்.


தையல் டீச்சர் (ஓய்வு):

ஊட்டிக்கு வர வேண்டாம் கண்ணு, மார்க்கெட்டில் பிளவுஸ் துணி, லேஸ் விற்கிற கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். பெரிய கட்டமாகப் பார்த்து வாங்குங்கள், சின்னக் கட்டம் வாங்கினால் பிள்ளைகளுக்குக் கண் வலிக்கும். அரை மீட்டர் நாலு பேருக்குத் தாராளம். ஊசி நுனி மொட்டையாக இருக்கட்டும். வெட்டியதும் ஓரத்தை மடித்து ஒரு ஓட்டு ஓட்டிக்கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இழை பிரிந்துகொண்டே வந்து எண்ணிக்கை எல்லாம் போய்விடும். நூல் முழங்கை வரைக்கும், மறந்துவிடாதீர்கள். முதல் நாள் அவர்கள் இரண்டு முழம் எடுத்தால் எடுக்கட்டும்.